முதல் பார்வையும் பின் இருக்கையும்



டெல்லி மாநகரின் ரிங் ரோட்டில், தௌலா குவானிலிருந்து ஏய்ம்ஸ் மருத்துவமனையை நோக்கி நீங்கள் எப்போதாவது பயணம் செய்திருக்கிறீர்களா? சிறிது தூரம் சென்றதும் ஒரு குருத்வாராவின் வெண்ணிறக் குவிமாடங்கள் கண்ணில் படும். 1707 ஆம் ஆண்டில் சீக்கியரின் பத்தாம் குருவாகிய குரு கோவிந்த் சிங் அவ்விடத்தில் தங்கினார் என்றும், தமது வருகையை அறிவிக்க அங்கிருந்து செங்கோட்டையை நோக்கி அம்பு எய்தார் என்றும் அவர்களது மரபு கூறுகிறது. அந்தக் குருத்வாராவைச் சுற்றி விரிந்து கிடக்கும் பகுதியே மோதி பாக். அப்பெயருக்கு முத்துத் தோட்டம் என்பது பொருள்.

முத்தும் இல்லை, பெரிய தோட்டமும் இல்லை. வேப்பமரங்களும், மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்புகளும், டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி ஒன்றும் உண்டு. 2018 ஆகஸ்டு முதல் பிங்க் லைன் மெட்ரோ ரயில் இவ்வழியே ஓடுகிறது. அந்த நிலையத்திற்குப் பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். மாலை வேளையில் குடியிருப்புச் சந்துகளில் நடந்தால், ஏதாவது ஒரு சமையலறையிலிருந்து ரசம் தாளிக்கும் வாசனையும், "ஏலே, புஸ்தகத்தை எடு" என்ற அதட்டலும் நிச்சயமாக வரும். ஊரை விட்டு வந்த நம்மவர்கள் இரண்டு, மூன்று தலைமுறைகளாக இங்கே வாழ்ந்து வருகிறார்கள்.

இந்த மோதி பாக்கில் 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு குடும்பம் தங்கள் முதல் காருக்காகக் காத்திருந்தது. அவர்கள் காத்திருந்த விதத்தையும், அந்தக் காரை முதன்முதலாகக் கண்ட நாளில் நடந்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நகரத்தில் வாழும் நம்மில் பலர் இன்று இல்லாவிட்டாலும் நாளை இதே வாசலில் நிற்கப்போகிறவர்கள் அல்லவா?

வெள்ளை அம்பாசிடர்களின் காலம்

அந்தக் குடும்பத்தின் தகப்பனார் 1970களின் தொடக்கத்தில் ஒரு தகரப்பெட்டியோடு ஜி.டி. எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர். அமைச்சகம் ஒன்றில் எழுத்தர் வேலை. அக்காலத்தில் கார் என்றால் அதிகாரிகளுக்கு வரும் வெள்ளை அம்பாசிடர்தான். காலையில் ஓட்டுநர் அதைத் துடைத்துக்கொண்டு நிற்பார். எழுத்தர்கள் அதைக் கடந்து பேருந்து நிறுத்தத்திற்கு விரைவார்கள். 1983 டிசம்பர் 14 அன்று பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800 காரின் சாவியை டெல்லிவாசி ஒருவரிடம் கொடுத்தபோது, நடுத்தரக் குடும்பங்களின் கனவு வேறு உருவம் எடுத்தது. ஆயினும் நம் தகப்பனார் ஒரு ஸ்கூட்டரோடு நின்றுவிட்டார். முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி, அவர் மடியில் இன்னொரு பிள்ளை என்று அந்த ஸ்கூட்டர் குடும்பம் முழுவதையும் சுமந்தது.

காலம் எவ்வளவு மாறிவிட்டது பாருங்கள். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 ஆம் ஆண்டில் நின்றுபோனது. அதே ஆண்டில் மாருதி 800 காரும் விடைபெற்றது. பழைய குடியிருப்புகளில் ஒரு பகுதி இடிக்கப்பட்டு, நியூ மோதி பாக் என்ற பெயரில் உயர் அதிகாரிகளுக்கான புதிய குடியிருப்பு எழும்பியது. 2017 மே 1 முதல் அதிகாரிகளின் கார்களில் சுழன்ற சிவப்பு விளக்குகளும் அகற்றப்பட்டன. ஸ்கூட்டர்களுக்கென்று அமைந்த சந்துகளில் இப்போது இருபுறமும் கார்கள் நெருக்கியடித்து நிற்கின்றன.

தகப்பனார் இவை எல்லாவற்றையும் காணவில்லை. அவர் மறைந்த பின்பு, அவரைப் போலவே அரசுப் பணியில் சேர்ந்த மகன் மோதி பாக்கிலேயே குவார்ட்டர்ஸ் பெற்றுத் தாயாருடனும் மனைவி பிள்ளைகளுடனும் வாழ்ந்து வந்தார். தாயாருக்கு எழுபத்திரண்டு வயது. இரு முழங்கால்களிலும் தேய்மானம். மாதம் இருமுறை மருத்துவமனைக்கு ஆட்டோவில் செல்வார்கள். டெல்லியின் ஜனவரிக் குளிரில், இருபுறமும் திறந்த ஆட்டோவில், சால்வைக்குள் சுருண்டு அமர்ந்திருக்கும் தாயைப் பார்த்த நாளில்தான் மகன் கார் வாங்கத் தீர்மானித்தார்.

ஐந்து வாரக் காத்திருப்பு

எந்தக் கார்? இதில் அவருக்கு ஐயமே இல்லை. முன்னால் இயந்திரம், நடுவில் குடும்பம், பின்னால் தனியாக ஒரு பெட்டி என்ற மூன்று பகுதிகளும் தெளிவாகத் தெரியும் செடான்தான் அவருக்குக் கார். பிள்ளைப் பருவத்தில் அவர் பார்த்து ஏங்கிய அம்பாசிடரும் அந்த உருவம் உடையதுதானே! இந்த நடுத்தர அளவு செடான் வகையில் 1998 முதல் ஹோண்டா சிட்டி இந்தியாவில் புகழ்பெற்றிருந்தது. 2022 இல் ஸ்கோடா ஸ்லாவியாவும் வோக்ஸ்வாகன் வெர்டஸும் வந்தன. ஹூண்டாய் நிறுவனத்தின் வெர்னா 2006 முதல் இங்கு விற்பனையில் இருந்தது. அது முற்றிலும் புதிய வடிவில் வரப்போகிறது என்ற செய்தி 2023 பிப்ரவரியில் பரவியது. பிப்ரவரி 13 அன்று 25,000 ரூபாய் முன்பணத்தோடு பதிவு தொடங்கியது. நம் சகோதரர் காரைக் கண்ணால் காணாமலே பதிவு செய்துவிட்டார்!

காணாத ஒன்றுக்காகக் காத்திருப்பதில் ஒரு தனி இன்பம் உண்டு. நிறுவனம் படங்களையும் அளவுகளையும் சிறிது சிறிதாக வெளியிட்டது. வீட்டில் இரவு உணவு வேளையில் அதுவே பேச்சு. பத்து வயது மகன் அளவுகளை மனப்பாடம் செய்தான். பழைய வெர்னாவைவிடப் புதியது 95 மில்லிமீட்டர் நீளம் கூடியது. மொத்த நீளம் 4,535. அகலம் 1,729 இலிருந்து 1,765 ஆக உயர்ந்தது. முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் இடைப்பட்ட தூரம் 2,600 இலிருந்து 2,670 ஆனது. பின்னால் உள்ள பெட்டியின் கொள்ளளவு 480 லிட்டரிலிருந்து 528 லிட்டராகியது.

ஒரு ஞாயிறு மாலை நான் அவர்கள் வீட்டிற்குச் சென்றபோது, தகப்பனும் மகனும் தையல் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் குனிந்திருந்தார்கள்.

"ஐயா, மரத்துக்கும் பக்கத்து வீட்டுக் காருக்கும் நடுவிலே வண்டி நிக்குமான்னு பார்க்கிறோம்" என்றார் சகோதரர்.

"பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்து அளந்தீர்களா?" என்று கேட்டேன். கார்களின் அகலத்தைச் சொல்லும்போது பக்கக் கண்ணாடிகளை விட்டுவிட்டுத்தான் சொல்வார்கள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டு மீண்டும் அளந்தார்கள். கண்ணாடிகளை மடித்தால் நிற்கும். கதவை ஒரு பக்கம் மட்டுமே முழுதாகத் திறக்கலாம்.

தாயார் இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டு முற்றத்தில் நாற்காலியில் அமர்ந்திருந்தார்கள். அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்.

"ஐயா, இந்தக் காரு எங்கே செய்யுறாங்க?"

"இருங்காட்டுக்கோட்டையில் அம்மா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம்."

"அப்போ நம்ம ஊர்ப் பிள்ளைக செஞ்சதா!" என்று தாயார் முகம் மலர்ந்தார்கள். அந்நிறுவனம் 1998 இல் சான்ட்ரோ காரோடு தன் விற்பனையைத் தொடங்கியதும் அதே இருங்காட்டுக்கோட்டைத் தொழிற்சாலையிலிருந்துதான். சென்னைக்கும் டெல்லிக்கும் இடையே ரயில் பாதையில் ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர். தன் கணவரைப் போலவே அந்தக் காரும் அத்தனை தூரம் கடந்து மோதி பாக்கிற்கு வருவதை எண்ணி அவர்கள் மகிழ்ந்தார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் பார்வை

மார்ச் 21 அன்று கார் முறைப்படி அறிமுகமாயிற்று. ஷோரூம் விலை 10 லட்சத்து 90 ஆயிரம் ரூபாயில் தொடங்கியது. அடுத்த சில நாட்களில் காட்சிக்கு ஒரு கார் வந்திருப்பதாக அழைப்பு வந்தது. குடும்பத்தோடு என்னையும் அழைத்துச் சென்றார்கள். என்னிடம் இருப்பது ஒரு பழைய ஸ்கூட்டர் மட்டுமே என்றாலும், சபையாரின் முதல் வீடு, முதல் வாகனம் ஆகியவற்றைப் பார்க்கப் போய்வருவது எனக்குப் பழக்கமான காரியம்.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், விளக்குகளின் கீழ் அது நின்றது. வாசகரே, உண்மையைச் சொல்கிறேன். நானும் ஒரு கணம் வாயடைத்து நின்றேன். முகப்பின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒரே கோடாக ஒளிர்ந்த மெல்லிய விளக்கு, அடிவானத்தில் விடியலின் முதல் கீற்றைப் போல் இருந்தது. பக்கவாட்டில் கத்தியால் கீறியதைப் போன்ற கோடுகள். கூரை நடுவில் உயர்ந்து, பின்பக்கம் தாழ்ந்து தாழ்ந்து சென்று, பெட்டியோடு இழைந்து முடிந்தது. பழைய செடான்களில் கூரை ஒரு படியிறங்கிப் பெட்டியைச் சேரும். இங்கே படியே தெரியவில்லை. பின்புறத்திலும் ஓரம் முதல் ஓரம் வரை சிவப்பு விளக்கு.

உள்ளே ஓட்டுநர் முன்பாக இரண்டு 10.25 அங்குலத் திரைகள் ஒன்றாக இணைந்து ஒரே பலகையைப்போல் நீண்டிருந்தன. மகன் ஓடிப்போய் முன்னிருக்கையில் ஏறினான். பதினான்கு வயது மகள் பின்னால் அமர்ந்து கால்களை நீட்டி, "அப்பா, எவ்வளவு இடம்!" என்றாள். சக்கரங்களின் இடைத்தூரத்தில் கூடிய 70 மில்லிமீட்டர் எங்கே போயிற்று என்று அவளுடைய முழங்கால்கள் அறிந்துகொண்டன. மனைவி பின் பெட்டியைத் திறந்து பார்த்து, "ஊருக்குப் போனா அரிசி மூட்டைகூட வைக்கலாம்" என்றார்.

சகோதரர் விற்பனையாளரிடம் இயந்திரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். 1.5 லிட்டர் பெட்ரோல் இயந்திரத்தில் இரண்டு வகை: ஒன்று 115 குதிரைத் திறன், டர்போ பொருத்திய மற்றொன்று 160. முந்தைய வெர்னாவில் இருந்த டீசல் இயந்திரம் நீக்கப்பட்டிருந்தது. அந்த ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கடுமையான புகை விதிகளுக்கு ஏற்ப டீசலை மாற்றியமைப்பது பெருஞ்செலவு. டெல்லிவாசிகளுக்கு அதனால் இழப்பு பெரிதாகத் தோன்றவில்லை. பத்து ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்கள் தலைநகரில் ஓடக்கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 இல் ஆணையிட்டதையும், 2018 இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியதையும் அவர்கள் அறிவார்கள். ஆறு காற்றுப் பைகள் எல்லா வகைகளிலும் உண்டு என்பது அவருக்குப் பெரிய ஆறுதல். அதே ஆண்டு அக்டோபரில் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் இக்கார் ஐந்து நட்சத்திரம் பெற்றது.

தாயார் எங்கே?

எல்லாரும் காரைச் சுற்றி நின்றபோது, எவருக்காக அந்தக் கார் வாங்கப்படுகிறதோ அவர்கள் சுவரோரமாக ஒரு நாற்காலியில் இருந்தார்கள். ஏறத்தாழ அரை மணி நேரம் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

"அம்மா, வாங்க, உக்காந்து பாருங்க" என்று மகன் கடைசியாக அழைத்தார்.

தாயார் பின்கதவருகே வந்தார்கள். வலது காலை முதலில் உள்ளே வைக்க முயன்றார்கள். கூரை தாழ்ந்திருந்ததால் தலையைக் குனிய வேண்டும்; தலையைக் குனிந்தால் முழங்காலை மேலும் மடக்க வேண்டும்; முழங்காலோ மடங்க மறுத்தது. மகள் தாங்க, மருமகள் பிடிக்க, ஒருவாறு அமர்ந்தார்கள். அமர்ந்த பின்பு முகம் தெளிந்தது. ஆனால் எழும்போது இருக்கையின் தாழ்வு அவர்களை விடவில்லை. இரண்டுமுறை முயன்று மூன்றாம் முறை, மகனுடைய இரு கைகளையும் பற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"உங்க அப்பா என்னை மொத மொத ரயிலடியிலேருந்து அம்பாசிடர் டாக்சியிலே கூட்டிட்டு வந்தாங்க. கட்டில்லே உக்கார்ற மாதிரி இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்கள்.

அது மெய்தான். அம்பாசிடரின் கூரை உயரம், இருக்கையும் உயரம். இன்றைய செடான்கள் காற்றைக் கிழித்துக்கொண்டு செல்லவும், எரிபொருளை மிச்சப்படுத்தவும், சாலையில் அசையாமல் நிற்கவும் தாழ்வாக அமைக்கப்படுகின்றன. இது ஒரு நிறுவனத்தின் குறையன்று. செடான் என்ற வகையின் இயல்பே அதுதான். சிறுவன் மனப்பாடம் செய்த அளவுகளை அப்போது நினைத்துப் பார்த்தேன். நீளம் கூடியது, அகலம் கூடியது, பெட்டி பெரிதானது. உயரம் மட்டும் பழையபடி 1,475 மில்லிமீட்டராகவே இருந்தது. அந்த ஓர் எண்ணை ஐந்து வாரங்களில் நாங்கள் எவரும் பேசவே இல்லை.

சகோதரரின் முகம் வாடிப்போயிற்று. "ஐயா, பதிவை ரத்து பண்ணிரலாமா? உயரமான வண்டியாப் பார்க்கலாமா?" என்று என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். ஐந்து வாரக் கனவு ஒருபுறம், தாயின் முழங்கால் மறுபுறம். அவர் கண்கள் அந்த ஒளிக்கோட்டை விட்டு அகலவில்லை என்பதையும் நான் கவனித்தேன். அவரை எப்படிக் குறைசொல்வேன்? நானும் அதைத்தானே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னிடம் கேட்க வேண்டாம் தம்பி, அம்மாவிடம் கேளுங்கள்" என்றேன்.

தாயாரிடம் கேட்டபோது அவர்கள் உடனே விடை சொல்லவில்லை. "முன்னாலே உக்காந்து பார்க்கட்டுமா?" என்றார்கள்.

முன்னிருக்கையில் கூரை அவ்வளவு தாழவில்லை. இருக்கையை முடிந்தவரை பின்னுக்குத் தள்ளினோம். முதுகைக் காருக்குக் காட்டி நின்று, முதலில் இருக்கையின் ஓரத்தில் அமர்ந்து, பின்பு இரு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பும்படி மருமகள் சொல்லிக்கொடுத்தார். ஒரு காலில் நின்று மறுகாலை மடக்கவேண்டிய அவசியமே இல்லை. தாயார் அமர்ந்தார்கள். அவ்விதமே திரும்பி, ஒரு கையைக் கொடுத்ததும் எழுந்தார்கள். முதல்முறையே!

"இது போதும்" என்றார்கள். முன்னிருக்கைக்காக ஓடிய பேரன் சத்தமில்லாமல் பின்னால் போய் அமர்ந்தான்.

அதன்பின் நடந்தது

ஏப்ரல் மாதக் கடைசியில் கார் வந்தது. பெரிய திரைகளும் டர்போவும் உள்ள உயர்ந்த வகையை எண்ணியிருந்தவர், மாதத் தவணையைக் கணக்கிட்டு நடுத்தர வகையை எடுத்துக்கொண்டார். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வழக்கப்படி சாவியைக் கொண்டுவந்தார்கள்; சபையார் வாசலில் கூடி ஜெபித்தோம். அன்று மாலையே தாயாரை முன்னால் அமர்த்தி, சாணக்கியபுரியின் ரயில் அருங்காட்சியகத்தைக் கடந்து, சாந்தி பாத்தின் அகன்ற சாலையில் ஒரு சுற்று வந்தார்கள். திருமணமான புதிதில் கணவரோடு நடந்த சாலை அது என்று தாயார் பிள்ளைகளுக்குச் சொன்னார்களாம்.

வாசகரே, நீங்களும் ஒரு நாள் புதிய காரைப் பார்க்கப் போவீர்கள். போகும்போது வீட்டின் மூத்தவரை அழைத்துச் செல்லுங்கள். விளக்கையும் திரையையும் பார்க்கும் முன்னே அவரை அமரவைத்து எழச் சொல்லுங்கள். ஊருக்கு எடுத்துச் செல்லும் பெட்டியை முடிந்தால் கையோடு கொண்டுபோய்ப் பின்னால் வைத்துப் பாருங்கள். வண்டி நிற்கும் இடத்தைக் கண்ணாடிகளோடு சேர்த்து அளவெடுங்கள். முழங்கால் வலி உள்ளவரை ஏற்றும்போது நடைமேடையை ஒட்டி நிறுத்தாதீர்கள். நடைமேடைமேல் நின்றால் இருக்கை இன்னும் தாழ்வாகிவிடும், சற்றுத் தள்ளிச் சாலையில் நிறுத்துவதே நலம். இவை சிறிய காரியங்கள்தாம். ஆனால் பத்து ஆண்டுகளுக்கு மேலாக நாள்தோறும் உடன் வரப்போகிற காரியங்கள்.

சென்ற குளிர்காலத்தில் அத்தாயாரைச் சந்தித்தேன். முழங்கால் முன்னைவிடத் தளர்ந்திருந்தது. கார் எப்படி இருக்கிறது என்று விசாரித்தேன். குளிர் படாமல் போய்வருவதைச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன்.

"ஆட்டோவிலே போகும்போது நானே கம்பியைப் பிடிச்சு இறங்கிருவேன் ஐயா. இவன் காசு குடுத்துட்டு முன்னாலே போய்க்கிட்டே இருப்பான். இப்போ சுத்திவந்து கதவைத் திறந்து, கையைக் குடுத்து, நான் நிமிர்ந்து நிக்கிற வரைக்கும் நிக்கான்" என்றார்கள்.

அவ்வேளையில் வெளியே கார் வந்து நிற்கும் ஓசை கேட்டது. தாயார் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சுவரைப் பிடித்து எழுந்து, வாசலை நோக்கி நடந்தார்கள்.